கறுத்த கைக்குட்டை

விசிறி வாங்கிய பிறகு என் வீட்டுக்காரரின் கைக்குட்டை இன்னும் கறுப்பானது எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. பட்டறையில் வெல்டிங் புகையை விரட்டத்தான் அந்த ஆளுயர விசிறியை வாங்கினோம். மூக்கைச் சிந்தினால் முன்பு சாம்பல் நிறம், இப்போது மை. மாடி ஏறும்போது ஒரு தடவை நின்றவர் இரண்டு தடவை நிற்கிறார். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளக்கும் சோதனையில் அளவு இரண்டு முறை இறங்கிவிட்டது. மூன்றாவது முறையும் இறங்கினால் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சோதனைக்கு இன்னும் மூன்று வாரம்.

“விசிறி ஓடுதா, இல்ல அழகுக்கு வெச்சிருக்கீங்களா?”

“ஓடுது தாயே. முதுகெல்லாம் சிலுசிலுன்னு இருக்கு.”

முதுகா? தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். மேசைமேல் குனிந்திருந்தார். விசிறி அவருக்குப் பின்னால்.

“புகை முன்னாடி வருது, விசிறி பின்னாடி இருக்கு. யாரு குடுத்த யோசனை?”

“காத்து நேரா அடிச்சா பத்தவெச்ச ஒட்டு பூரா பொத்தல் விழும். என் முதுகு காத்தைத் தடுக்குதுல்ல? இருபது வருஷத் தொழில்மா. நீ போய் ஜாக்கெட்டுக்குக் கை வெச்சுத் தை.”

சேலையில் ஒட்டியிருந்த நூல் ஒன்றை எடுத்து அவர் மார்புக்கு முன்னால் பிடித்தேன். முன்பக்கம் பறக்க வேண்டிய நூல், சுழன்று அவர் தாடையில் போய் ஒட்டியது. ஓடும் தண்ணீரில் பாறை நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர் விலகி ஓடும். பாறையின் மறுபக்கத்தில் நுரை போக முடியாமல் சுற்றிக்கொண்டே கிடக்கும். இவர்தான் பாறை, புகைதான் நுரை. வெல்டிங் முகமூடியோ கண்ணுக்குத்தான் காவல். அடியில் திறந்து கிடக்கிறது. ஒட்டில் பொத்தல் விழக்கூடாது என்று இத்தனை நாளும் நெஞ்சைக் கொடுத்திருக்கிறார்.

விசிறியைப் பக்கவாட்டில் வைத்தேன். பற்றவைத்தார். ஒட்டில் பொடிப்பொடியாகத் துளைகள்.

“பாத்தியா?” என்றார், ஏதோ ஜெயித்தவர் போல. உடனே இருமல் வந்தது.

“நல்லா ஜெயிங்க. இருமி முடிச்சிட்டுச் சொல்லுங்க.”

ஊதினால் கெடுகிறது. சரி, உறிஞ்சினால்? ஜன்னலுக்கு வெளியே ஊதும்படி விசிறியைத் திருப்பினேன். மேசையருகே நூல் அசையவே இல்லை. ஊதும் காற்று அறை முழுக்கப் போகும். உறிஞ்சும் காற்றுக்குக் கை நீளம் குறைவு.

“மேசையை ஜன்னல் பக்கம் தள்ளுங்க.”

“இதை நகத்த நாலு பேர் வேணும்டீ.”

“ரெண்டு பேர் இருக்கோம். புடிங்க.”

அங்குலம் அங்குலமாகத் தள்ளினோம். நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். கடைசியில் நூல் விசிறிப் பக்கம் சாய்ந்தது. பற்றவைத்தார். புகை அவர் தாடைவரை எழாமல் வளைந்து, ஜன்னல் வழியாக வெளியே போனது. ஒட்டில் ஒரு பொத்தல் இல்லை.

விசிறியின் முதுகு மேசைக்கு, முகம் ஜன்னலுக்கு, மேசைக்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு முழம்.