செல்லத்தாய் மலையிறங்கியது

ராசிங்காபுரத்துச் செல்லத்தாய் 1974 ஆடியில் கர்ப்பமாக மலையேறியவள், தலைப்பிள்ளையை 1980 தையில்தான் பெற்றாள். அதுவரை பிள்ளை வயிற்றுக்குள் சும்மா இருக்கவில்லை. வளர்ந்தது, பல் முளைத்தது, அம்மா கதை சொன்னால் உள்ளிருந்தே 'உம்' கொட்டியது. தோட்டத்து மலையாள நர்சு மாதாமாதம் காது வைத்துக் கேட்டு, "குட்டிக்குக் குழப்பமில்லா", பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை என்று தன் பாஷையில் சொல்லிவிட்டுப் போவாள்.

அவளை மலைக்கு அனுப்பியவன் கூடப்பிறந்த அண்ணன் ராக்கையா. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். முந்திய வருடம் அவன் ஏற்றிவிட்ட சனம் அட்டைக்கடியும் காய்ச்சலுமாகத் திரும்பியிருந்ததால், அந்த ஆடியில் ஊரில் ஒருத்தியும் அசையவில்லை. தங்கச்சியைக் கொண்டுவந்து ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்தான். பிள்ளைத்தாச்சித் தங்கச்சியையே அனுப்புகிறான், மோசமாகவா இருக்கும் என்று மற்றவர்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். என்ன மூளை பாருங்கள்! "ஏழாம் மாசம் நானே வந்து எறக்கிட்டுப் போறேன் ஆத்தா. தலைப்பிள்ளை நம்ம வீட்லதான்" என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

ஏழாம் மாதம் வந்தது, போனது. தங்கச்சியை இறக்கினால் மற்றவர்களும் மூட்டையைக் கட்டுவார்கள், முதலாளி அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்ப்பார். ராக்கையா வரவில்லை. பஸ்சில் போய்விடலாம் என்று புருசன் கன்னையன் கெஞ்சினான். "எங்கண்ணன் வாக்குக் குடுத்திருக்கான். நான் பாட்டுக்கு எறங்குனா அவனுக்குல்ல அசிங்கம்" என்றாள் செல்லத்தாய். பிறந்தால் தாய் வீட்டில்தான் என்று பிள்ளையும் பிடிவாதமாக இருந்தது. வருடங்கள் இப்படியே கழிந்தபின், ஜீப்பு ஓட்டும் ஜக்கையன் ஒரு நாள் மனசு கேட்காமல் சொல்லிவிட்டான். "ஒங்கண்ணன் வருசாவருசம் ஆள் லோடு கொண்டாந்து கீழ வளைவுல எறக்கிட்டு அப்படியே திரும்பிர்றாரு தாயி. வண்டி காலியாத்தான் போகுது."

செல்லத்தாய் காய்க்கூடையைக் கீழே வைத்தாள். "கூடப்பொறந்தவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போடிமெட்டுச் சாலையில் நடந்தே இறங்கினாள். தாய் வீட்டுப் படியைத் தாண்டியதும் பிள்ளை பிறந்தான். வெந்நீர் காய்வதற்குள் எழுந்து நின்று சோறு கேட்டான். வாத்தியார் அவனை நேராக ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

சித்திரையில் காதுகுத்து வைத்தார்கள். சீர்த்தட்டோடு வந்த ராக்கையா, சம்மணம் போட்டு மடியை விரித்து உட்கார்ந்தான். செல்லத்தாய் அவனைத் தாண்டிப் போய், பிள்ளையை வெறும் மணையில் உட்கார வைத்து, "குத்துங்க ஆசாரி" என்றாள். அவளுடைய ஆறு வருடக் கர்ப்பத்தைப் பற்றி ராசிங்காபுரத்தில் யாரும் பேசுவதில்லை. தாய்மாமன் உயிரோடு இருக்கும்போதே அவன் மடியில்லாமல் காது குத்தினாளே, அதைத்தான் இன்றைக்கும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள்.