பதினோரு வரி

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு முழுப் பக்கம் வந்தது. அந்தக் காலத்து விஞ்ஞானக் கதைகளில் எழுதியதெல்லாம் இன்றைக்கு வீட்டுக்கு வீடு வந்துவிட்டதாம். பையில் அடங்கும் டெலிபோன், மணிக்கட்டில் நாடி பார்க்கும் கடிகாரம் என்று படம் போட்டு வரிசையாக எழுதியிருந்தார்கள். நான்காவதாக 'சுவரில் ஒரு கண்'. எழுதியவர் பேராசிரியர் என்று போட்டிருந்தது. பேராசிரியராவது ஒன்றாவது! அது என் அக்கா. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அடுப்பு மேடையில் நோட்டை வைத்துக் கதை எழுதியவள்.

நான் அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கதைகளைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். பொம்பளை பேரில் விஞ்ஞானம் வந்தால் எவன் நம்புவான் என்று ஆசிரியர் வைத்த பெயர்தான் பேராசிரியர். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. "பேராசிரியருக்கு இன்னைக்கு ரசம் வைக்க நேரமில்லடி" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கதையில் ஒரு கிழவி தனியாக இருக்கிறாள். தூர தேசத்தில் இருக்கும் மகன் அவள் அறைச் சுவரில் ஒரு கண்ணாடிக் கண்ணைப் பதித்துவிட்டுப் போகிறான். உட்கார்ந்த இடத்திலிருந்தே அம்மாவைப் பார்க்கிறான். இவள் தும்மினால் அவன் கேட்கிறான். இது வரைக்கும்தான் பேப்பர்காரர்கள் மெச்சியிருந்தார்கள். அக்கா எழுதிய முடிவு அவர்களுக்கு எப்படித் தெரியும்? கிழவி ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கண் இல்லாத சாமான் அறைக்குப் போய்விடுவாள். மூட்டைகளுக்கு நடுவே அங்கேயே இருந்துவிடுவாள். மகன் மடிப்புக் கலையாத காலிக் கட்டிலைப் பார்த்துப் பார்த்து, அம்மா எழுந்து வேலையாக இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான். அவ்வளவுதான் கதை.

அந்த முடிவு அச்சில் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு எண்பத்து நான்கு வயது. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அவள் மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். குடும்பத்தில் எல்லாரும் அவனை எஞ்சினீயர் என்றுதான் சொல்வோம். வந்தான், பார்த்தான், அலமாரிக்கு மேலே ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் போனான். வாசல் கதவிலும் ஒன்று. அலமாரிக் கேமரா கழுத்தைத் திருப்பும், பேசும். "அம்மா, மாத்திரை" என்று திடீரென்று குரல் வரும்போது எனக்கே தூக்கிவாரிப் போடும். அவளுக்கு எப்படி இருக்கும்? அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் மறைவில் துணி மாற்றுவாள். எண்பத்து நான்கு வயதில், சொந்த அறையில். இரண்டு தடவை ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். அவன் ஆள் அனுப்பி ஒயரைச் சுவருக்குள் புதைத்துவிட்டான்.

"நீ சொன்னா கேப்பான்டி. கழட்டச் சொல்லு. விழுந்து செத்தா சாகறேன், என்ன யாரும் பாத்துக்கிட்டே இருக்க வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அக்கா என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை.

சொல்லலாம் என்று புதன்கிழமை மதியம் போனேன். நான் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, மேலேயிருந்து குரல்.

"வாங்க சித்தி! பேப்பர் பாத்தீங்களா? ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டேன். எங்கம்மா அம்பது வருஷத்துக்கு முன்னாடியே கேமராவ எழுதிட்டாங்கன்னு."

"பாத்தேன்ப்பா. அதில்ல, உங்கம்மாவுக்கு இது பிடிக்கல. கழட்டிடு."

"பிடிக்கலயா? அவங்களே எழுதினதுதானே! அந்தப் பழைய இதழ போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். இருங்க, வாசிக்கிறேன்."

வாசித்தான். கிழவி சுவரருகே சென்றாள். அந்தக் கண்ணாடிக் கண்ணுக்கு முத்தமிட்டாள். 'என் செல்வம் என்னைப் பிரியவில்லை, என்னைக் காத்து நிற்கிறான்' என்று ஆனந்தக் கண்ணீர் உகுத்தாள். இன்னும் நாலைந்து வரி அதே ரகம்.

"அத நான் எழுதலடா," என்றாள் அக்கா. "அந்த ஆசிரியன் சேத்தது. பாவி, போய்ச் சேந்துட்டான்."

"எப்பப் பாத்தாலும் இதையே சொல்றியேம்மா. உம் பேர்லதானே வந்திருக்கு?"

"எம் பேர்ல எங்கடா வந்துச்சு?"

"சரி, பேராசிரியர் பேர்ல. மாத்திச் சொல்றதுக்கு எதாவது அத்தாட்சி இருக்கா?"

இல்லை. அச்சானதும் கையெழுத்துப் பிரதிகளைக் கிழித்து அச்சு மெஷினின் மையைத் துடைப்போம். அக்காவின் முடிவு மை துடைத்துப் போயிற்று. அத்தாட்சி என்றால் நான் ஒருத்திதான். அதைத்தான் ஐம்பது வருஷமாக விழுங்கி வைத்திருந்தேன்.

"அத எழுதினது நான்," என்றேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். பக்கங்கள் கோத்த ஃபாரம் அச்சு மெஷினில் ஏற அரை மணி நேரம் இருக்கும்போது ஆசிரியர் அக்காவின் முடிவைச் சிவப்பு மையால் அடித்தார். "விஞ்ஞானக் கதைன்னா படிக்கிறவனுக்கு மெஷின் மேல ஆச வரணும். ஒப்பாரி வைக்கவா பத்திரிகை நடத்துறேன்? பதினோரு வரி காலியா நிக்குது. நீயே ரொப்பு" என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் எழுதினேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வாரம் வந்த கடிதங்களெல்லாம் அந்த முத்தத்தைத்தான் புகழ்ந்தன. அக்கா பத்திரிகையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாருடி இது?" என்று கேட்டாள். ஆசிரியர்தான் என்றேன். அதோடு அவள் நோட்டை மூடினாள். பிறகு ஒரு வரி எழுதவில்லை.

இதையெல்லாம் அந்தக் கேமராவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அக்கா பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. முழுசாகச் சொன்னால் அவன் மனம் மாறும், கழற்றிவிடுவான் என்று நினைத்தேன்.

அவன் சிரித்தான்.

"சித்தி, நீங்களா! இத்தன நாளா சொல்லவே இல்லயே! அப்ப உங்களுக்குத்தான் மால போடணும்."

"வெளையாடாத. உங்கம்மா எழுதின முடிவு வேற. அவ வேணாம்னுதான் எழுதினா."

"யார் எழுதினா என்ன சித்தி? சொன்னபடி நடந்துச்சா இல்லயா? அம்மா விழுந்து கெடந்தா எனக்குத் தெரியணும். கதைக்காகக் கழட்ட முடியாது. மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்."

குரல் நின்றது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அக்கா கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு வரியும் நீயா?"

"ஆமாக்கா."

"அந்த முத்தம்?"

"நான்தான்."

"நான் அந்தாள இத்தன வருஷம் சபிச்சேன்டி. அவன் செத்த அன்னைக்கு நல்லா வேணும்னு சொன்னேன். நீ பக்கத்துல உக்காந்து ஆமாம் போட்டே."

போட்டேன்தான். என்ன சொல்வது? காலில் விழட்டுமா என்று கேட்டேன். இத்தனை மாதமாக அந்தக் கேமராவை நிமிர்ந்து பார்க்காதவள், முகத்தைத் தூக்கி நேராக அதைப் பார்த்தாள்.

"தம்பி, இருக்கியா?"

கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கேம்மா, சொல்லு" என்றான். அம்மாவே கூப்பிட்டுவிட்டாள் என்ற பூரிப்பு குரலில் தெரிந்தது.

"இவ கெளம்பறா. வாசலத் தாண்டிட்டாளான்னு பாத்துச் சொல்லு. இனிமே இவ வந்தா கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குச் சொல்லிடணும்."

"சரிம்மா."

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசல்படியில், கதவுக் கேமராவுக்கு நேர் கீழே உட்கார்ந்து குனிந்து செருப்பின் வாரை மாட்டினேன். வார் துளைக்குள் போகவில்லை. உள்ளேயிருந்து அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"யாருமில்லம்மா. சித்தி போயாச்சு."