பதினோராம் நம்பர் கூண்டு

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாதா மீதும், வங்காள விரிகுடா மீதும், மாதாமாதம் தவறாமல் வரும் என் பென்ஷன் மீதும் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

1982ஆம் வருஷக் கடைசியில் குருசுக்குப்பத்துப் பிரகாசத்துக்கு வயது பதினேழு. அப்பா வேலை பார்த்த மில்லை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் மிச்சமிருந்த சொத்து பிரகாசத்தின் தொண்டை ஒன்றுதான். கோவில் பாடற்குழுவில் அவன் குரலை மேலே ஏற்றினால் கடலில் கட்டுமரம் அசையாமல் நிற்கும். மீனெல்லாம் தலையைத் தூக்கிக் கேட்கும். அந்த நேரம் பார்த்து வலை வீசுவது பாவம் என்று வைத்திக்குப்பத்துப் பஞ்சாயத்தில் தீர்மானமே போட்டிருந்தார்கள்.

பாடற்குழு மாஸ்டர் அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வருகிற ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழாப் பூசையில் தனிக்குரல் பாட்டு அவனுக்கு. அதைக் கேட்க மடத்துப் பெரிய மதர் வருவார். அவருக்குப் பிடித்துவிட்டால் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் வேலை.

“ஒந்தொண்டையிலதான்டா நம்ம வூட்டு அடுப்பு எரியணும்” என்று அம்மா புஷ்பமேரி தினமும் மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

அந்தத் தொண்டைக்கு வந்த கேடு பிரான்சிலிருக்கும் துலோனிலிருந்து பார்சலில் வந்தது. வந்து சேர்ந்த இடம் அவன் கூட்டாளி பிரான்சுவாவின் வீடு. அது சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பார்சலை அனுப்பியது பிரான்சுவாவின் சித்தப்பா. உள்ளே சட்டை, சோப்பு, உறையில்லாத சின்ன ரிக்கார்டு ஒன்று, படப் புத்தகம் ஒன்று. புத்தகத்தில் தலைமுடியை இடுப்புவரை வளர்த்த நாலு பேர் தோல் சட்டை போட்டுக்கொண்டு, கடன்காரனைப் பார்ப்பதுபோல முறைத்தார்கள். அவர்கள் ஹெவி மெட்டல் கோஷ்டி என்று கீழே எழுதியிருந்தது.

சின்ன ரிக்கார்டுக்கு நடுவில் ஓட்டை பெரிது. பிரகாசம் மில் நூல்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதில் பொருத்தினான். பிரான்சுவாவின் அப்பா பட்டாளத்தில் இருந்தபோது சைகோனிலிருந்து தூக்கி வந்த பழைய பாட்டுப் பெட்டியில் வைத்து முள்ளை இறக்கினார்கள். கிணற்றுக்குள் எருமை விழுந்து அழுவதுபோல ஒரு குரல் எழும்பியது.

“பேயாடா பாடுது?” என்றான் தேவதாஸ். சாவு பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பவன் அவன்.

“ஹெவி மெட்டல்னா இப்பிடித்தான்” என்றான் பிரான்சுவா. மூவரில் பிரெஞ்சு தெரிந்தவன் அவன் ஒருவனே.

“என்னாதான் சொல்றான்?”

“செத்துப்போனவன் ஒருத்தன் நடுக்கடல்ல தன் கப்பலத் தேடறான்.”

பிரகாசத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேன் மாதிரிப் பாடுகிறாய், தேன் மாதிரிப் பாடுகிறாய் என்று பிறந்தது முதல் கேட்டுக் கேட்டு அவனுக்குத் தித்திப்பே வெறுத்திருந்தது. அன்றைக்கே கோஷ்டி ஆரம்பமானது. பிரான்சுவா கிதார், தேவதாஸ் டிரம், பிரகாசம் குரல். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டில் பதினொன்றுக்கு மேல் இல்லை என்பதால் கோஷ்டிக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள்.

பாட்டின் வார்த்தைகளைப் பிரான்சுவா தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தான். பொருள் தெரியாமலே பிரகாசம் நெட்டுருப் போட்டான். குரலைக் கீழே இறக்க உப்புத்தண்ணீர் கொப்பளித்தான், பச்சை மிளகாய் மென்றான், அலையைப் பார்த்துக் காலையும் மாலையும் உறுமினான். முதல் வாரம் வைத்திக்குப்பத்து நாய்கள் கூட்டமாகக் கிளம்பிக் கனகசெட்டிக்குளம் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் வாரம் மீன்காரர்கள் புயல் வருகிறதென்று படகுகளை மேட்டுக்கு இழுத்தார்கள். மூன்றாம் வாரம் அம்மா மிளகுப்பாலை நிறுத்திவிட்டாள்.

“தொண்டை பஞ்சு மாதிரிடா, நார் நாரா கிழிஞ்சிடும்” என்றார் மாஸ்டர்.

“பதினாலு ஜூலைக்கு ஒரே ஒரு நாள் மாஸ்டர். அப்பறம் திருவிழாவுக்கு ஒரு மாசம் இருக்கில்ல? சரி பண்ணிடுவேன்.”

ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் பெரிய நாள். ஓய்வுபெற்ற சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள். சாயங்காலம் பந்தல் போட்டு விருந்து. பிரான்சுவாவின் அப்பா சொல்லி, அதில் ஒரே ஒரு பாட்டுக்கு இடம் கிடைத்திருந்தது. வாடகைக்கு வந்த கலியபெருமாள் மைக்செட்டில் ஸ்பீக்கர் ஒன்று கிழிந்திருந்தது. அதில் கிதாரைச் சொருகியதும் பந்தல் கால்கள் நான்கும் ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கின.

பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டு உறுமினான். முன்வரிசையில் சொல்தா வீட்டு மதாம்கள் மார்பில் சிலுவை போட்டார்கள். அவனுக்குச் சந்தோஷம். இரண்டாவது அடியில் ஒரு கிழவி நெற்றியைச் சுருக்கினாள். மூன்றாவது அடியில் அவள் வாய் முணுமுணுத்தது. பக்கத்துக் கிழவி சேர்ந்துகொண்டாள். பிறகு பந்தல் முழுக்கக் கைதட்டிக்கொண்டு அதே பாட்டை, அதே வார்த்தைகளை, மூன்று மடங்கு வேகத்தில், கீச்சுக் குரலில் பாடியது. பாடி முடித்துச் சிரித்தது. மெடல்கள் சலங்கை மாதிரிக் குலுங்கின.

பிரான்சில் ஐந்து வயசுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாட்டு அது. காணாமல்போன பூனைக்குட்டியை ஒரு சிறுமி கூப்பிடுகிறாள்.

“அட முட்டாப் பசங்களா!” என்றார் பிரான்சுவாவின் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “எம் பெட்டி வேக முள்ளு துருப்புடிச்சி முப்பத்திமூணுலயே நிக்குதுடா. சின்ன ரிக்கார்டு நாப்பத்தஞ்சுல ஓடணும், மெதுவா ஓட்டுனா பாப்பா கொரலும் எருமக் கொரலாத்தான் கேக்கும்.”

“தம்பி, பூனை கெடச்சிதா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அதன் பிறகு குருசுக்குப்பத்தில் ஒருவரும் அவனைப் பிரகாசம் என்று கூப்பிடவில்லை.

பந்தலுக்குப் பின்னால் பிரகாசம் பிரான்சுவாவின் சட்டையைப் பிடித்தான்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாளே தெரியும்.”

“ஏன்டா சொல்லல?”

“நீ உறுமறது அவ்ளோ நல்லா இருந்துதுடா. கெடுக்க மனசு வரல.”

அந்த மாசக் கடைசியிலேயே பிரான்சுவா பட்டாளச் சேவைக்குப் பிரான்சு போய்விட்டான். அவன் அப்பா, எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையை விட்டுப் போன அறுபத்திரண்டில், கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர். பிரகாசத்தின் அப்பா அன்றைக்கு வரிசை நீளமாக இருக்கிறதென்று வீட்டுக்குத் திரும்பியவர்.

ஆகஸ்ட் பதினைந்து வந்தது. தேன், அதிமதுரம், மாதாவுக்கு மெழுகுவர்த்தி எல்லாம் ஆகியிருந்தது. பெரிய மதர் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிரகாசம் வாயைத் திறந்தான். துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. மறுபடி முயன்றான். அதுவும் வரவில்லை. மாஸ்டர் அவன் பக்கம் திரும்பாமலே, பாடற்குழுவில் அவனுக்கு அடுத்து நின்ற அந்தோணிமேரிக்குக் கை காட்டினார். பாட்டு அவளுக்குப் போனது. வேலையும் போனது. புஷ்பமேரி பூசை முடியும்வரை முழங்காலில் இருந்தாள்; வெளியே வந்து மகனிடம், “வா, போலாம்” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

தேவதாஸ் பேண்டு செட்டுக்கே திரும்பினான். “சாவு வூட்ல யாரும் சிரிக்கமாட்டாங்க மச்சான்” என்றான். பிரகாசம் வைத்திக்குப்பத்தில் ஐஸ் பெட்டி சுமக்கப் போனான்.

எண்பத்தைந்தில் பிரான்சுவாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு போட்டோ. பெரிய மேடை, புகை, கீழே கையைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான தலைகள், மைக்கைக் கடிப்பதுபோல நடுவில் பிரான்சுவா. கரையில் ஐஸ் பெட்டி மீது உட்கார்ந்து தேவதாஸ்தான் வாசித்தான். பிள்ளைகள் பாட்டை எடுத்து மெதுவாக உறுமினால் இங்கே ஜனங்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறது, இது எங்கே கற்றது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள், நானே கண்டுபிடித்தது என்று சொல்லிவைத்திருக்கிறேன், நீ கோவித்துக்கொள்ள மாட்டாய் என்று எழுதியிருந்தது.

“ஒந்தொண்டைய எடுத்துக்கினு போயிட்டான்டா அவன்!” என்று தேவதாஸ் கத்தினான். “பாத்துக்கினே இருக்கியே, எதாவது சொல்லேன்டா!”

பிரகாசம் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குப் பிறவியிலேயே பேச்சு வராது. இதுவும் என் பென்ஷன் மீது சத்தியம்.