பெட்ரோல் கறந்த மோட்டார்

கீழே எழுதியிருப்பதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். தலையில் முடி இல்லாததால் சத்தியம் வழியில் எங்கும் சிக்காமல் நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. நம்பாதவர்கள் என் மச்சானைக் கேட்கலாம். ஆனால் அவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். என்னோடு நிறுத்திக்கொள்வது உங்களுக்கு நல்லது.

என்னிடம் ஒரு படகு. சின்னதுதான். மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காவது ஆள் மனசுக்குள்தான் உட்கார வேண்டும். பின்னால் ஒரு மோட்டார், காலடியில் பெட்ரோல் டேங்க், இரண்டையும் சேர்க்க ஒரு ரப்பர் குழாய். வீட்டுக்குப் பின்புறக் கொட்டகையில் அது குடியிருந்தது. அந்தக் கொட்டகையின் மேல் என் மனைவிக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அவளுடைய தையல் மெஷின் படுக்கையறையில் கிடந்தது. துணி வெட்டக் கட்டிலைத் தவிர வேறு இடமில்லை. மத்தியானத்தில் நான் கண்ணயர்ந்தால் என்னைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுவிடுவாள். ஒருமுறை என் கையைச் சுற்றிப் போட்ட கோட்டின் அளவில் யாருக்கோ சட்டையே தைத்துக் கொடுத்துவிட்டாள்.

படகில் குறை என்று ஒன்றே ஒன்று. டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு என் மச்சான் ஒரு வழி வைத்திருந்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். டேங்கை விரலால் தட்டுவான். காதை வைப்பான். கண்ணை மூடுவான்.

"தாராளம் அத்தான். போய்ட்டு வந்து மிச்சம் இருக்கும்."

ஏரியின் நட்டநடுவில் மோட்டார் ஒரு தடவை விக்கும், ஒரு தடவை இருமும், அப்புறம் எனக்கென்ன என்று இருந்துவிடும்.

உடனே படகுத்துறைக்காரர் வந்துவிடுவார். பெரிய படகு, அதைவிடப் பெரிய மீசை. எங்களைக் கட்டி இழுத்தே பழகியவர். எங்கள் படகின் மூக்குக்கு அளவெடுத்து வளையம் போட்ட ஒரு கயிற்றைத் தனியாக வைத்திருந்தார். தூரத்திலிருந்து வீசினால் மாலை மாதிரி வந்து விழும்.

"என்ன பெரியவரே, தாகமா?" என்பார்.

கடைசியாக அப்படி இழுபட்டு வந்தபோது என் மனைவியும் படகில் இருந்தாள். கரை வரும்வரை அந்தக் கயிற்றையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

தரையில் கால் வைத்ததும் சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு தடவை இந்த மனுஷன் கயிறு நம்ம படகைப் பிடிக்கட்டும். அன்னிக்கே படகு வெளியே, மெஷின் கொட்டகைக்குள்ளே."

"பிடிக்கலைன்னா?"

"பிடிக்காம ஒரு தடவை போய்த் திரும்பிக் காட்டுங்க. அப்புறம் நான் கொட்டகைப் பேச்சை எடுத்தா என்னன்னு கேளுங்க."

படகின் உயிர் இப்படி ஊசலாடும்போது மச்சான் சும்மா இருப்பானா? மறுநாளே ஒரு பெட்டியோடு வந்தான்.

"தட்டிப் பாக்குற காலமெல்லாம் போச்சு அத்தான்," என்றான், இதுவரை தட்டியது நான் என்பது போல.

பெட்டியில் இருந்தது ஃப்ளோ மீட்டர். குழாயை நடுவில் அறுத்து, அங்கே விரல் நீளத்துக்கு ஓர் உருளையை மாட்ட வேண்டும். அதற்குள் ஒரு குட்டிச் சக்கரம். பெட்ரோல் ஓடினால் சுற்றும். அங்கிருந்து ஒயர் போய் முன்னால் எண் காட்டும் ஒரு முகப்பில் முடியும். எவ்வளவு ஊற்றினோம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், ஓட ஓடக் கணக்குப் பார்த்து மிச்சத்தைக் காட்டிக்கொண்டே வரும்.

மச்சான் வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. குமிழி புகுந்து கணக்கைக் கெடுக்காமல் இணைப்பையெல்லாம் இறுக்கினான். மோட்டார் சூடு படாத இடமாகப் பார்த்து உருளையை நிறுத்தினான். நானும் சும்மா இல்லை. அவன் கேட்ட ஸ்க்ரூக்களையெல்லாம் தொலைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் உருளையின் மேல் ஓர் அம்புக்குறி இருப்பதைக் கவனித்தேன். அது டேங்கைப் பார்த்து நின்றது.

"ஏம்ப்பா, பெட்ரோல் மோட்டாருக்கில்ல போகுது? அம்பு இந்தப் பக்கம் பாக்குதே?"

"ஃபிரிட்ஜுல ஃபில்டர் மாட்டும்போது அம்புக்குறி எப்பவும் மோட்டாருக்கு முதுகைக் காட்டித்தான் நிக்கும் அத்தான். எத்தனை ஃபிரிட்ஜ் பாத்திருக்கேன்! நீங்க எத்தனை பாத்திருக்கீங்க?"

நான் பார்த்தது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்றுதான், அதுவும் பசிக்கும்போது. அடுத்த ஸ்க்ரூவைத் தேடப் போனேன்.

காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். எதிர்க்கரை ஜவுளிக் கடையில் துணி எடுத்துத் திரும்புவது பரீட்சை. இருபது லிட்டர் டேங்கில் பத்து லிட்டர். முகப்பிலும் பத்து. என் மனைவி அதற்கு எதிரே நீதிபதி மாதிரி உட்கார்ந்தாள்.

கரை தாண்டியதும் சொன்னாள். "ஏங்க, இது பதினொண்ணுங்குது."

"புதுசுக்கா. இன்னும் கூச்சம் தெளியல," என்றான் மச்சான்.

"பன்னெண்டு."

மூடியைத் திறந்து பார்த்தேன். இந்த இடத்தில் சத்தியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிஜமாகவே ஏறியிருந்தது. மீட்டர் அவ்வளவு நம்பகமானது. அது சொன்ன பிறகு இல்லையென்று சொல்ல டேங்குக்குத் தைரியம் வரவில்லை.

"அக்கா, நம்ம மோட்டார் பெட்ரோல் குடிக்கல. கறக்குது!" என்று மச்சான் கையைத் தட்டினான்.

எதிர்க்கரை சேர்ந்தபோது டேங்க் முக்காலுக்கு மேல். கம்பீரமாக இறங்கிப் போய், நாலு சட்டைக்குத் துணி எடுத்து, மூட்டையை டேங்க் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினோம். பாதி வழியில் மூடியோரம் பெட்ரோல் எட்டிப் பார்த்தது.

"துணி! துணி!" என்று என் மனைவி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "நிறுத்துடா அதை!"

"நிறுத்தினா மிதப்போமேக்கா. மிதந்தா..."

மிதந்தால் என்ன என்று அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீசை ஏற்கனவே பக்கத்தில் வந்திருந்தது. கையில் கயிறு.

"என்ன பெரியவரே, தாகமா?"

"இல்லப்பா, வயிறு முட்டிடுச்சு."

அவர் கயிற்றைச் சுழற்ற ஆரம்பித்தார். ஓட்டினால் பெட்ரோல் வழிந்து துணி போகும். நிறுத்தினால் படகு போகும். என் மனைவிக்கு இரண்டாவதில் லாபம், பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வேலை கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது.

"தையல் தப்பா விழுந்தா வந்த வழியே பிரிப்போம்ல? அதைப் பின்னால ஓட்டித் தொலைங்களேன்!"

மச்சான் ரிவர்ஸில் போட்டான். படகு திரும்பி, பின்பக்கம் முன்பக்கமாகி, கரையை நோக்கிக் கிளம்பியது. முகப்பு இறங்க ஆரம்பித்தது. பத்தொன்பது, பதினெட்டு. அந்த நேரம் பார்த்துக் கயிறு வந்தது. அது எங்கள் மூக்குக்கு அளவெடுத்த வளையம். நாங்கள் வந்ததோ வாலைக் காட்டிக்கொண்டு. கயிறு மோட்டாரின் மண்டையில் தட்டி, வழுக்கி, தண்ணீரில் விழுந்தது. மறுபடி வீசினார். மறுபடி வழுக்கியது. மீசையில் ஒரு பக்கம் தொங்கிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

துறையில் நின்றவர்களுக்கு நாங்கள் வருகிறோமா போகிறோமா என்று தெரியவில்லை. பாதிப் பேர் வாங்க என்றார்கள், பாதிப் பேர் போய்ட்டு வாங்க என்றார்கள். படகு கரையைத் தொட்டபோது முகப்பில் சரியாகப் பத்து.

பின்னாலேயே வந்து சேர்ந்த படகுத்துறைக்காரர் என் மனைவியிடம் முறையிட்டார். "கயிறு விழுந்துச்சும்மா. நீங்களே பாத்தீங்க."

"விழுந்துச்சு, தண்ணியில," என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "சொன்ன சொல் சொன்னதுதான். கொட்டகை உங்களுக்கே," என்றாள். ஒரு பொட்டுக் கோபம் இல்லை. மச்சான் அம்புக்குறியைத் திருப்பி மாட்டட்டுமா என்று கேட்டான். ஓடுகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொல்லிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான், இதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை.

அந்தக் கொட்டகையில் இப்போது என் மனைவியின் தையல் மெஷின் இருக்கிறது. அது எப்படி என்று மட்டும் என் மச்சானைக் கேட்டுவிடாதீர்கள். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பது நான்.