ஈரம் ஏறாத இடம்

பனி. வேலிக்கம்பியில் பனி. சாயப்பட்டறைக் கூரையில் பனி. விடிந்தும் விடியாத திருப்பூரின் மேல் நீர்த்த பாலைப் போல ஒரு வெளிச்சம்.

மார்கழி, முகங்களைத் தின்னும் மாதம். உதடு வெடிக்கும். கன்னம் சாம்பல் பூக்கும். சிரித்தால் இழுக்கும்.

கோகிலவாணிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க டியூப்லைட்டின் கீழே நின்று, துணியில் ஓட்டை தேடுவாள். வேலை முடியும்போது முகம் காய்ந்த இலை.

பக்கத்து மேசை ரெஜினாதான் சொன்னாள். "காலையில கிரீம் பூசறது ஊருக்கு. படுக்கறப்பப் பூசறதுதான் தோலுக்கு. மூஞ்சி கழுவி, ஈரம் காயறதுக்குள்ள தடவிரு."

கணவன் சென்னியப்பன் சிரித்தான். "தூங்கறதுக்கு எதுக்கு அம்மிணி கிரீமு? கனவுல ஆரு வந்து பாக்கறா?"

"ஆரும் பாக்க வேண்டாம். எனக்கு எரியுதுங்க."

தடவினாள். நெற்றியில், மூக்கில், தாடையில். விரலில் மிச்சம் இருந்ததை மகள் தாரிகாவின் கன்னத்தில்.

முகம் மெல்ல இளகியது. மழை கண்ட மண்ணாய் இளகியது. ஓரிடம் தவிர.

இடது கன்ன எலும்புக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் அளவு. சற்றே வெளுத்து. எவ்வளவு தடவினாலும் அங்கே மட்டும் ஈரம் ஏறவில்லை. அழுத்தித் தேய்த்தாள். ஒருநாள், தேய்த்துக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது.

விரலுக்குக் கன்னம் தெரிந்தது. கன்னத்துக்கு விரல் தெரியவில்லை.

நகத்தால் கிள்ளினாள். வலது பக்கம் சுரீரென்றது. இடது பக்கம் ஒன்றுமில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினாள். கண்ணாடியில் ரத்தம் துளிர்த்தது. வலி மட்டும் வரவில்லை.

என் முகத்தில் யாருடைய தோல் இது?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா சின்னப் பெண். "கண்ண மூடிக்கங்க. பஞ்சால தொடுவேன். தொட்ட இடத்துல விரல் வைங்க."

நெற்றி. வைத்தாள். தாடை. வைத்தாள். வலது கன்னம். வைத்தாள். பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறியின் சத்தம். வெளியே யாரோ இருமும் சத்தம். இருட்டில் காத்திருந்தாள்.

"எப்பங்க டாக்டர் தொடுவீங்க?"

"தொட்டுட்டேம்மா. மூணு தடவ."

பிறகு அந்தச் சொல் வந்தது. தொழுநோய்.

"பயப்படாதீங்க, முழுசா குணமாயிரும். இங்கயே மாத்திரை தர்றோம். யாரையும் பிரிச்சு வைக்க வேண்டாம். ஆனா இது வருசக்கணக்கா உள்ள இருந்துட்டு வெளிய வர்ற நோய். அதனால வீட்டுல எல்லாரையும் ஒருதடவ பாத்துரணும்."

அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள் அவள். மற்றதெல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்டது.

சென்னியப்பனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. ஓரடி பின்னால் போனான். ஒரே ஓரடி.

மறுநாள் அவளுக்குத் தனித் தட்டு. தனி டம்ளர். தாரிகாவின் பாய் அவன் பக்கம் போயிருந்தது.

"பிரிச்சு வைக்க வேண்டாம்னு டாக்டர் சொன்னாங்கங்க."

"அவங்க சொல்லிட்டுப் போயிருவாங்க. கூட இருக்கறது நாங்கல்ல?"

நாங்கள். அந்தச் சொல்லில் அவள் இல்லை. நோய் மரத்துப்போகச் செய்தது ஒரு நாணய அளவு. இது உடம்பு முழுக்க.

ஞாயிற்றுக்கிழமை சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்தார். தாரிகாவைப் பார்த்தார். ஒன்றுமில்லை. முன்னெச்சரிக்கையாக ஒரு மாத்திரை கொடுத்தார். கோகிலவாணிக்கு மூச்சு திரும்பியது.

"நீங்க வாங்க சார். சட்டையக் கழட்டுங்க."

"எனக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க." முனகிக்கொண்டே கழற்றி, வாசல் வெயிலில் முதுகைக் காட்டி நின்றான். "சீக்கிரம் பாருங்க. கறிக்கடைக்குப் போகோணும்."

நர்ஸின் கை நின்றது.

தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கையை விடப் பெரிதாய், வெளிறிய ஒரு திட்டு. இடுப்புக்கு மேலே இன்னொன்று. அவன் கண்ணுக்கு எட்டாத இடம். இருட்டில் மட்டுமே அவனை அறிந்திருந்த அவளும் காணாத இடம்.

பஞ்சு போனது. வந்தது. மறுபடி போனது. அவன் அசையவில்லை. நர்ஸ் திரும்பி அவளைப் பார்த்தார்.

"இது எத்தன வருசமா இருக்குங்க சார்?"

"எது?"

வெயில் அப்படியே நின்றது. நர்ஸ் செல்போனில் படம் எடுத்து நீட்டினார். சென்னியப்பன் தன் முதுகைத் தானே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு படியில் உட்கார்ந்தான்.

"அப்ப... என்கிட்ட இருந்தா இவளுக்கு?"

"அதத் தேடாதீங்க. ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிடுங்க. சரியாயிரும்."

நர்ஸ் போன பிறகு கோகிலவாணி கேட்டாள். கத்தவில்லை. "உங்களுக்கும் தட்டத் தனியா வெக்கட்டுங்களா?"

அவன் எழுந்துபோய் அவளுடைய தட்டைக் கழுவி, மற்ற தட்டுகளின் நடுவில் செருகினான். தட்டுகள் சத்தமிட்டன.

அவனுக்கும் மாத்திரைகள் தொடங்கின. முதல் நாள் சிறுநீர் செக்கச்சிவந்து போக, பாத்ரூமிலிருந்து அலறினான். மருந்தின் நிறம்தான் என்று அவள் வெளியே நின்று சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததில் அவளுக்கே அதிர்ச்சி.

கோடை வந்தது. போனது. அவள் திட்டின் ஓரங்கள் மங்கின. ஒரு சாயங்காலம் கம்பெனி விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. இடது கன்னத்தில் ஏதோ சில்லென்று விழுந்தது. நடுரோட்டில் நின்றுவிட்டாள். இன்னொன்று. அங்கேயேதான். லாரி ஒலியெழுப்பியும் நகரவில்லை.

அவன் முதுகு இன்னும் விழிக்கவில்லை. மருந்து அவன் தோலைக் கறுக்கவைத்து, செதில்செதிலாக உலர்த்தியிருந்தது. படுக்கும் முன் கிரீம் தடவச் சொன்னார் டாக்டரம்மா. முதுகுக்குத் தன் கை எட்டாமல் சில நாள் தவித்தான். கேட்க வாய் வரவில்லை.

மன்னித்துவிட்டாளா என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் ஒருநாள் பாயில் அவன் பின்னால் உட்கார்ந்து தடவத் தொடங்கினாள். முதலில் தோள்பட்டைக்குக் கீழே, அந்தப் பெரிய திட்டின் மேல். வட்டம் வட்டமாக.

"கோவமா இருந்தா வேண்டாம் கோகிலா," என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி. "வெறுமனே உக்காந்திருக்காத. போய்ப் படு."

அவள் விரல்கள் இன்னும் அந்தத் திட்டின் மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தன. கையை எடுக்கவில்லை.