ரம் ஊற்றாத கேக்

மாவை டப்பாவுக்குள் வழித்துக்கொண்டிருந்தபோதுதான் ஸ்டானிஸ்லாஸ் கூப்பிட்டார்.

"ஜெசி."

ஒரே தடவை.

"இதோ வந்துட்டேன்யா," என்றாள் ஜெசிந்தா. வரவில்லை. பாத்திரத்தின் அடியில் திராட்சையும் பேரீச்சையும் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசிவரை சுரண்டினாள். அடுப்பில் பெரிய குண்டானில் மணல் காய்ந்துகொண்டிருந்தது. டப்பாவை அதற்குள் இறக்கி, மூடியைப் போட்டு, மேலே குழவிக்கல்லை வைத்தாள். தீயைக் குறைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். அடுப்புக்கும் கட்டிலுக்கும் எட்டடி.

புருஷன் போயிருந்தார்.

மூக்கின் கீழ் விரலை வைத்தாள். விரலில் மாவு இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சுவரில் மணி பத்தே கால்.

கத்தல் வாய்வரை வந்துவிட்டது. அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். கத்தினால் பக்கத்து வீட்டு கெங்கம்மா ஓடி வருவாள். வந்ததும் முதல் வேலையாக அடுப்பை அணைப்பாள். பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அந்த லைன் வீடுகளில் மாதா படம் மாட்டிய வீட்டுக்கும் அம்மன் படம் மாட்டிய வீட்டுக்கும் அதுதான் சட்டம். வேகாத மாவு சாக்கடைக்குப் போகும்.

மத்தியானம் ஷாகுல் ஹமீது வருகிறார். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டானிஸ்லாசும் அவரும் ஒரே கோஷ்டியில் கப்பல் கன்டெய்னருக்குக் கம்பி கட்டியவர்கள். முதல் கிறிஸ்துமசுக்கு இந்த வீட்டிலிருந்து போன கேக்கில் ரம் இருந்தது. பாய் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு ரெண்டு துண்டு தின்ற பிறகுதான் தெரிந்தது. மறுநாள் பாய் வந்து சிரித்தார். ஸ்டானிஸ்லாஸ் சிரிக்கவில்லை. அதிலிருந்து பாய்க்கு மட்டும் பழத்தைத் திக்கான டீ டிகாஷனில் ராத்திரி பூரா ஊற வைத்து, தனி டப்பாவில், தன் கையாலேயே சுடுவார். இந்த ஆடி மாசத்தில் கிறிஸ்துமசும் இல்லை, ஒன்றும் இல்லை. நேற்று சாயங்காலம் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்: "பாய் வர்றான்ல... டீயில ஊற வை."

ஜெசிந்தா கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிவிட்டாள். வாய் திறந்திருந்தது. துணி கட்டினால் வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். உள்ளங்கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருய்யா," என்றாள்.

கேக் பாதி வெந்திருந்தபோது கெங்கம்மா வாசலில் குரல் கொடுத்தாள். "ஜெசி, தண்ணி லாரி வந்துகீது. கொடத்த எடு!"

"நீயே புடிச்சி வைம்மே."

"அண்ணன் இன்னா பண்றாரு?"

"தூங்கினு கீறாரு."

"தூங்கட்டும். ராத்திரி பூரா ஒரே இருமலு. இன்னாமே வாசன இப்டித் தூக்குது! எனுக்கு ஒரு துண்டு வை, அல்லாத்தையும் அந்த பாய்க்கே குட்த்துடாத."

வாசலில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு கெங்கம்மா போனாள். ஜெசிந்தாவின் கை மரத்துவிட்டது. மாற்றிப் பிடித்தாள்.

பதினொன்று இருபத்தைந்துக்கு ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தாள். மாவு ஒட்டவில்லை. கேஸை மூடினாள். டப்பாவைத் துணியில் பிடித்து எடுத்து மேல்பலகையில் ஒளித்தாள். திரும்பி வந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் வாயைத் திறந்தாள். லைனே ஓடி வந்தது.

ஒரு மணிக்கு நாத்தனார் பிலோமினா திருவொற்றியூரிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். அழுது முடித்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா இது, சாவு வூட்ல கேக்கு வாசன?"

கெங்கம்மா அடுப்படியில் இருந்தாள். குண்டானை நகர்த்தப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டு உதறினாள். மணலைப் பார்த்தாள். ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா தலையைக் குனிந்தாள்.

"எங்க வூட்ல சுட்டது," என்றாள் கெங்கம்மா. "பேத்திக்குப் பொறந்த நாளு."

"ஒனுக்குக் கேக்கு சுடக்கூட வருமா?"

"ஏன், ஒங்காளுங்களுக்கு மட்டும்தான் வருமா?"

ஈரத்துணியால் குண்டானைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோனாள்.

ஷாகுல் ஹமீது இரண்டு மணிக்கு வந்தார். வாசல் பந்தலில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார். தோஸ்தின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். ஜெசிந்தா எழுந்து போய், மேல்பலகை டப்பாவிலிருந்த கேக்கைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"டீயிலதான் ஊற வச்சேன் பாய்."

பொட்டலத்தின் அடியில் அவர் கையை வைத்துப் பார்த்தார். "இன்னும் லேசா சூடு கீதேம்மா. எப்போ போனான்?"

எல்லோரிடமும் பதினொன்றரை என்று சொல்லியிருந்தாள்.

"பத்தே காலுக்கு," என்றாள்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார்.

"கடைசியா எதுனா சொன்னானா?"

"கூப்ட்டாரு பாய். நான்..." என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஷாகுல் ஹமீது அங்கேயே தரையில் உட்கார்ந்தார். காகிதத்தைப் பிரித்தார். சாவு வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார்.

பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மெதுவாக மென்றார். இன்னொரு துண்டு பிய்த்தார். சட்டையில் சிந்திய துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.