பத்தாவது தபால்தலை

சங்கரன் முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீஸில் குப்பை கொட்டியவர். கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஸ்டாம்பு கவுன்ட்டர். அடுத்தவர் கவரைப் பிரிப்பது மகாபாவம் என்பார். ஆனால் கவரின் வெளிப்பக்கத்தைப் பார்த்தே அனுப்பினவனின் யோக்கியதையைச் சொல்லிவிட முடியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நினைப்புக்கு என்ன, யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

1999 மார்ச் கடைசியில், மயிலாப்பூரில் கச்சேரி ரோடை ஒட்டின அவருடைய ஃப்ளாட்டுக்கு மெல்போர்னிலிருந்து ஒரு கவர் வந்தது. மாப்பிள்ளையாகப் போகிற சாய்சரண் எழுதியது. தை மாதம் வந்து பெண் பார்த்துவிட்டு, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுப் போன பையன். கோமளம் கவரை வாங்கினவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்னா! இங்க வாங்கோளேன்! நம்ம வர்ஷினின்னா இது!"

தபால்தலைக்குப் பக்கத்தில் அதோடு ஒட்டினாற்போல் இன்னொரு கட்டம். ஓரமெல்லாம் அதே மாதிரி பல் பல்லாக இருந்தது. அதற்குள்ளே பச்சைப் பட்டுப் புடவையில் வர்ஷினி சிரித்துக்கொண்டிருந்தாள். ஜாதகத்தோடு மாம்பலத்தில் பையன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அதே போட்டோ. தபால் முத்திரை அவள் மோவாயின் மேல் குறுக்கே விழுந்திருந்தது.

சங்கரன் கவரைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"உசிரோட இருக்கறவாளுக்கு எவனாவது ஸ்டாம்பு போடுவானாடீ? போய்ச் சேந்தவாளுக்குன்னா போடுவா! முப்பத்தஞ்சு வருஷம் வித்தவன் சொல்றேன்."

"வாயை அலம்புங்கோ முதல்ல! நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது!"

கடிதத்தில் விவரம் இருந்தது. மெல்போர்னில் தபால்தலைக் கண்காட்சி நடந்ததாம். போட்டோ கொடுத்தால் தபால்தலைக்குப் பக்கத்திலேயே அச்சடித்துத் தருகிறார்களாம். 'ஒரு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கினேன் மாமா. பத்துத் தலை கிடைத்தது. தாங்கள் தபால் இலாகாவில் இருந்தவர், பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று முதல் தலையைத் தங்களுக்கே ஒட்டுகிறேன். வர்ஷினிக்குத் தனியாக எழுதுகிறேன்.'

வேறு மனிதனாக இருந்தால் நெகிழ்ந்துபோயிருப்பான். சங்கரனோ கணக்குப் போட்டார். பத்தில் ஒன்று இங்கே. மீதி ஒன்பது எங்கே போகும்? கரண்ட் பில் கட்டுகிற கவரில் ஒட்டுவானா? சிநேகிதர்களுக்குத் தூக்கிக் கொடுப்பானா? எந்தத் தடியன் என் பெண்ணின் படத்தை நாக்கால் நக்கி ஒட்டப் போகிறானோ? நினைக்க நினைக்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு பெண்ணின் முகத்தை ஊர் சுற்ற அனுப்புகிறவன் என்ன ஜாதி மனுஷன்?

வர்ஷினியோ அந்தக் கவரை நான்கு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு தேனாம்பேட்டை ஆபீஸுக்குப் போய்வந்தாள். பெண் பார்க்க வந்த அன்றே அவள் அவனிடம் சொல்லியிருந்தாள்: "போன்ல பேசினா ஆத்துல எல்லாரும் சுத்தி நின்னுண்டு கேப்பா. லெட்டர் போடுங்கோ. நீங்க போட்டா நான் பதில் போடறேன்."

அடுத்த வாரம் சங்கரன் தெருமுனைக் காப்பிப்பொடிக் கடையருகே போய் நின்றார். தபால்காரன் நாகராஜ் சைக்கிளை ஓரம் கட்டினான். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சங்கரனிடம் திட்டு வாங்கித் தொழில் பழகினவன்.

"இன்னா சார், இங்க நின்னுக்கினு கீறீங்க? பாப்பா மூஞ்சி போட்ட தபால் இன்னொண்ணு வந்துகீது, பாத்தியா! ஆபீசே கூடி நின்னு பாத்துச்சு சார்."

ஆபீஸே கூடிப் பார்த்ததா! சங்கரனுக்குச் சுருக்கென்றது. "இனிமே வெளிநாட்டுத் தபால் எது வந்தாலும் எங்கிட்டயே குடுத்துடு நாகராஜ். ஆத்துல போட வேண்டாம்."

நாகராஜ் தலையைச் சொறிந்தான். "பாப்பா பேர்ல வந்துகீதே சார். நீதானே சொல்லிக் குடுத்தே, பேரு யாருதோ அவுங்களுக்குத்தான்னு?"

"நான் அவ அப்பாடா!"

அவன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

சங்கரன் அதைப் பிரிக்கவில்லை. பிரித்தால் கை அழுகிப்போகும் என்று நம்புகிறவர். எல்.ஐ.சி. பத்திரம் வைத்திருக்கும் சூட்கேஸுக்குள் போட்டுப் பூட்டினார். அவர் திட்டம் சுலபமானது. பத்துத் தலையும் இந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தால் பையன் யோக்கியன். ஒன்று குறைந்தாலும் வேறு எங்கேயோ போயிருக்கிறது. கணக்கு நேரானால் எல்லாக் கடிதத்தையும் மொத்தமாக வர்ஷினியிடம் கொடுத்து, 'தங்கமான பையன்டீ' என்று தம் வாயாலேயே சொல்லிவிடலாம். அதுவரைக்கும் பெண் மனசைக் கொடுத்துவிடாமல் இருந்தால் நல்லதுதானே!

ஏப்ரலில் நான்கு வந்தன. மே மாதம் பாதிக்குள் சூட்கேஸில் எட்டுக் கவர் சேர்ந்துவிட்டது. எட்டிலும் வர்ஷினி சிரித்தாள்.

வீட்டில் இருந்த வர்ஷினிக்குச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "ஏதாவது வந்துதாம்மா?" என்பாள். அப்புறம் டீப்பாயை ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. மே மாதத்தில் அதுவும் நின்றுபோனது. "நீயே ஒரு லெட்டர் போடேன்டீ" என்று கோமளம் சொன்னதற்கு, "தனியா எழுதறேன்னு சொன்னவருக்கே தோணல. நான் எதுக்கும்மா போய் விழணும்?" என்றாள். சங்கரன் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்கும் நெஞ்சு உறுத்தாமல் இல்லை. இன்னும் கொஞ்ச நாள்தான், கணக்கு முடிந்துவிடும் என்று தம்மையே சமாதானம் செய்துகொண்டார்.

இதற்கு நடுவில் இன்னொரு வேலையும் செய்திருந்தார். கூட வேலை பார்த்த லாரன்ஸுக்கு மெல்போர்னில் ஒரு தங்கை உண்டு. பையனைப் பற்றிக் காதும் காதும் வைத்த மாதிரி விசாரிக்கச் சொல்லியிருந்தார். மே கடைசியில் சாந்தோமிலிருந்து லாரன்ஸே நடந்து வந்து சேர்ந்தார்.

"யோவ் சங்கரா, என் தங்கச்சி விசாரிச்சுட்டாய்யா. பையன் சொக்கத் தங்கம். பெத்தவங்களுக்கு மாசாமாசம் பணம் அனுப்பறான், தண்ணி சிகரெட் எதுவும் கிடையாது. ஸ்டாம்பும் நெசந்தான், அவளே அந்தக் கண்காட்சிக்குப் போய்த் தன் பேத்தி போட்டோ குடுத்து வாங்கியிருக்கா. இன்னும் இன்னாய்யா சந்தேகம் உனக்கு?"

"ஒண்ணு குறையறது லாரன்ஸ்."

"என்ன ஒண்ணு?"

"எனக்கு வந்தது ஒண்ணு, அவளுக்கு எட்டு. பத்துல ஒன்பதுதான் ஆச்சு. அந்த ஒண்ணு யாருக்குப் போச்சு?"

லாரன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவளுக்கு எட்டா? அந்தப் பொண்ணு படிச்சுதா இல்லியா?"

சங்கரனின் கண் சூட்கேஸ் பக்கம் போயிற்று. லாரன்ஸ் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துகொண்டார். "ஸ்டாம்பை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கே பாரு. நீயெல்லாம் ஒரு மனுஷன்!"

அன்றைக்காவது கொடுத்திருக்கலாம். பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே! இரண்டு வாரமாக ஒரு கவரும் வரவில்லை. பார்த்தாயா, கடைசித் தலை கை மாறிவிட்டது என்றே அவர் முடிவு கட்டினார்.

ஜூன் நடுவில் நாகராஜ் தெருமுனையில் மணியடித்தான். மெல்போர்ன் கவர். தலைக்குப் பக்கத்தில் பச்சைப் புடவை. பத்து! சங்கரனுக்கு நடுத்தெருவிலேயே கண் கலங்கிவிட்டது. என்ன பையன், என்ன பையன்! ஒன்றுகூட வெளியே போகவில்லையே! இன்று சாயங்காலமே சூட்கேஸைத் திறந்துவிட வேண்டியதுதான். கவரில் அவர் பெயர்தான் எழுதியிருந்தது. அங்கேயே பிரித்தார்.

'மாமாவுக்கு நமஸ்காரம். வர்ஷினிக்கு எட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் எழுதினால் பதில் போடுவதாகச் சொல்லியிருந்தாள். பெரியவர்களுக்காகச் சம்மதித்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது. மனசில்லாத பெண்ணைக் கட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. அம்மாவிடம் பேசிவிட்டேன், எனக்குத்தான் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். தயவுசெய்து வர்ஷினியை யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம்.'

காப்பிப்பொடிக் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது கோமளம் போனைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். மாம்பலத்திலிருந்து பையன் வீட்டார் பேசிவிட்டார்கள். ஆறு மணிக்கு வர்ஷினி வந்தாள். சங்கரன் சூட்கேஸைத் திறந்து எட்டுக் கவரையும் அவள் கையில் கொடுத்தார். மேலே பத்தாவதையும் வைத்தார்.

அவள் மேலே இருந்ததை நின்றபடியே படித்தாள். பிறகு மற்றக் கவர்களின் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏப்ரல்லேர்ந்து உங்ககிட்டயா இருந்துது?"

"பிரிக்கலைம்மா. பகவான் சாட்சியா ஒண்ணைக்கூட நான் பிரிக்கலை. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒருத்தர் லெட்டரையும் பிரிச்சவன் இல்ல நான்."

வர்ஷினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் வரவில்லை.

"பிரிச்சிருக்கலாமேப்பா," என்றாள். "ஒரே ஒண்ணைப் பிரிச்சுப் படிச்சிருந்தாகூட அவர் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

கவர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் முதல் கவரைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. சங்கரன் கூடத்திலேயே நின்றார். உட்காரத் தோன்றவில்லை.